பக்கத்து இருக்கைத் தூக்கம்

கஸ்பார் தூங்குகிறான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கடலில் விழுந்தால் குளிர் தாங்குவதற்கான ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பை இடுப்புவரை மட்டும் ஏற்றி, மேல்பாதியை மடியில் சுருட்டிப் போட்டு அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மாமியார் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன் மாதிரித் தூங்குகிறான். கீழே அட்லாண்டிக். மேலே ஒன்றுமில்லை. நடுவில் ஒரே ஒரு இன்ஜின், அதன் பின்னால் நாங்கள் இருவர், எங்கள் பிடரிக்குப் பின்னால் நான்கு இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பூட்டிய அலுமினியத் தொட்டி நிறைய பெட்ரோல். சின்ன விமானங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வாங்கியவர் கையில் ஒப்படைப்பது எங்கள் தொழில். இதை வாங்கியவர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறவர். அங்கே இப்போது பொழுது சாய்ந்திருக்கும், அவரும் நாற்காலியில் கண்ணயர்ந்துதான் இருப்பார். எல்லாரும் தூங்குகிறார்கள், என்னைத் தவிர. கனடாவின் கிழக்கு முனையில் செயின்ட் ஜான்ஸில் விடிந்ததும் கிளம்பினோம். இருட்டுவதற்குள் அசோர்ஸ் தீவுகளில் இறங்க வேண்டும். இடையில் இறங்க ஒரு பாறைகூடக் கிடையாது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டுவது, ஆளுக்குக் கொஞ்ச நேரம் தூங்குவது என்பது ஏற்பாடு. அவன் முறை வந்தால் அவன் தூங்குகிறான். என் முறை வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். கண்ணை மூடியதும் காது இரண்டு பங்கு பெரிதாகிவிடுகிறது. இன்ஜின் சத்தத்தில் எங்கேயோ ஒரு பிசிறு, அது இருக்கிறதா, நானாக உண்டாக்கிக்கொண்டதா, கஸ்பார் அதைக் கேட்டானா, கேட்டும் பேசாமல் இருக்கிறானா, எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தானா, இறக்கையில் பனி கட்டுகிறதா என்று எட்டிப் பார்த்தானா. கடைசியில் அவன் என் முழங்காலைத் தட்டி "நல்லாத் தூங்குனியாலே?" என்பான். "ம்" என்பேன். இத்தனை வருஷமாக இந்த "ம்" ஒன்றுதான் நான் அவனிடம் சொல்லிவரும் பொய். அவன் மூச்சு ஹெட்போன் வழியாக என் காதுக்குள் விழுகிறது, சீராக, அலுங்காமல். என் வயிறு எரிகிறது. சொல்வதற்கென்ன, எரிகிறது.

அவன் தூங்குவதற்காக எரியவில்லை. அதை நான் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். காரைக்குடியில் உறவுக்காரக் கல்யாணங்களில் யாராவது, "கடலுக்கு மேல ஒத்தை இன்ஜின்லயா? பயமா இருக்காதா வைரவா?" என்று கேட்டால், "என் கூட்டாளி பக்கத்துல படுத்துக் கொறட்டை விட்டுக்கிட்டு வருவான்" என்று சொல்லிச் சிரிப்பேன். குறட்டை விட்டதில்லை, சும்மா ஒரு அழகுக்குச் சொல்வது. அதன் அர்த்தம், என் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு ஒருத்தன் தூங்குகிறான், நான் அப்பேர்ப்பட்ட ஆள் என்பது. கேட்பவர்களுக்கு அது புரிகிறதோ இல்லையோ எனக்குப் புரியும். அந்தப் பெருமையில் கஸ்பார் இன்று காலை நாலு சொல்லில் மண்ணைப் போட்டுவிட்டான். ஓட்டல் சாப்பாட்டு அறையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தேவா கூட வந்தப்போ நல்லாத் தூங்கிட்டேன்லே, எறங்கப் போற நேரத்துலதான் முழிச்சேன்" என்றான். தேவா என்பது தேவேந்திரன். ஈப்போக்காரன். மலேசியாவில் எங்கேயோ தோட்டத்துக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். பிப்ரவரியில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையோடு கிடந்தபோது ஒரே ஒரு தடவை என் இடத்தில் உட்கார்ந்து வந்தவன். ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையிலேயே இவனுக்கு அவன் தேவா ஆகிவிட்டான், அந்த ஒரு தடவையிலேயே இவனுக்கு நல்லாத் தூக்கம் வந்துவிட்டது. என்னிடம் மட்டும்தான் தூங்குவான் என்று நான் ஏன் நினைத்தேன்? யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லையே. சரி, தூங்கிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த "நல்லா" எதற்கு? நல்லா என்று ஒரு சொல் போட்டால் மற்றதெல்லாம் நல்லா இல்லை என்றுதானே அர்த்தம். நான் காபியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஜாம் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜாமோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஒரு விமானம் போக வேண்டும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு. கஸ்பாருக்குத்தான் கிடைத்திருக்கிறது. இந்தத் தொழிலில் அதுதான் பெரிய கடல். கிளம்பினால் பகல் முழுக்கப் போதாது, இரவும் சேர்ந்தால்தான் கரை. பசிபிக் தாண்டியவன் என்றால் விமானம் நிறுத்துகிற ஹாங்கரில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டும். வேண்டவே வேண்டும். "ரெண்டு பேர் இல்லாம அது ஆவாது" என்று கஸ்பாரே சொன்னான். சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். அடுத்த வாக்கியம் என்ன என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரியாதா? "நீ வாரியா" என்று இரண்டே சொல். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரொட்டியை மென்றான், விழுங்கினான், வாயைத் துடைத்தான், எழுந்துபோய் வானிலைக்காரனுக்குப் போன் பேசினான். அதற்குப் பிறகு விமானத்துக்குள் ஏறும்வரை கூடவே இருந்தேன். உடுப்பு மாட்டும்போது, மிதவைப் படகைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கும்போது, தொட்டி மூடியைத் திருகும்போது, ஒவ்வொரு தடவையும் இப்போது கேட்பான் இப்போது கேட்பான் என்று இருந்தது. கல்யாணத்துக்குப் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து சேதி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் மாதிரி ஆகிவிட்டேன், இந்த வயதில், இந்த மீசையோடு. கேட்கவில்லை. தேவேந்திரனைக் கூப்பிட்டுவிட்டானா? கூப்பிட்டிருந்தால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. சொல்லாமல் தூங்குகிறான்.

ரேடியோ கரகரக்கிறது. எங்கள் தலைக்கு மேல் ரொம்ப உயரத்தில் ஒரு பெரிய விமானம் போகிறது, வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறது. எங்கள் ரேடியோ கரைக்கு எட்டாது. நாங்கள் இருக்கும் இடத்தை இப்படி மேலே போகிற யாரிடமாவது சொன்னால் அவர்கள் கரைக்குச் சொல்வார்கள். முகம் தெரியாத ஆள், பெயர் தெரியாத ஆள், நமக்காக ஒரு நிமிஷம் ஒதுக்கி நம் எண்களைத் திருப்பிச் சொல்கிறார். நான் மேற்கு நாற்பது டிகிரியைத் தாண்டியதைச் சொன்னேன். அந்தக் குரல், பெண் குரல், ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன விமானம் என்று கேட்டது. சொன்னேன். கொஞ்சம் மௌனம். பிறகு, ஒரே இன்ஜினா, பத்திரமாகப் போங்கள் என்றது. அந்த மௌனத்தில் அந்த அம்மாள் தன் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்திருப்பார். அவருக்குப் பின்னால் முன்னூறு பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தலையைக் கொடுத்துவிட்டு, பெயர்கூடக் கேட்காமல், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மட்டும் புகார் சொல்லிவிட்டு எப்படித்தான் தூங்குகிறார்களோ. எனக்குப் பஸ்ஸில்கூட முடியாது. திருச்சி பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவர் கூடவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன். வாடகைக் கார் என்றால் இன்னும் மோசம், என் வலதுகால் தரையை மிதித்து மிதித்துச் செருப்பு தேய்ந்துவிடும். என் வீட்டுக்காரி உமையாள் ஒருநாள் தலையிலடித்துக்கொண்டாள். "ஏங்க, அவன்தாங்க டிரைவர். நீங்க கொஞ்சம் சாயுங்க." சாயவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு இந்த உலகத்துல ஒருத்தர் மேலயும் நம்பிக்கை கிடையாதுங்க. அந்தக் கஸ்பார் அண்ணன் ஒருத்தரைத் தவிர. என் மேலகூடக் கிடையாது." சொன்ன குரலில் ஒரு புகைச்சல் இருந்தது. கட்டிய பெண்டாட்டி ஒரு தூத்துக்குடிக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று எனக்கு அப்போது உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளுக்குத் தெரியாது, அவன் ஓட்டும்போதும் என் கால் தரையை மிதித்துக்கொண்டுதான் இருக்கும். ரப்பர் உடுப்புக்குள் இருப்பதால் வெளியே தெரியாது.

நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட முடியாது. கஸ்பார் மாதிரி ஓட்டுகிறவன் கிடையாது. பனிமூட்டத்துக்குள் கிரீன்லாந்தில் இறங்கியபோது நான் பார்த்தேனே, கை நடுங்கவில்லை, ஏதோ ஜெபமாலை உருட்டுகிற மாதிரி ஒவ்வொரு விசையாகத் தொட்டுத் தொட்டு இறக்கினான். அவனுக்குக் கடல் பயமில்லை. அவன் ஆட்கள் எல்லாம் கடலுக்குள் போய் வருகிறவர்கள். "தண்ணிதானலே, மேல கெடந்தா மெதக்கும், உள்ள போனா நனையும்" என்பான். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஊருணி, அதற்கும் நான்கு பக்கம் படி. இங்கே படி இல்லை. கீழே பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுகிறேன். இந்த உயரத்திலிருந்து அலை தெரியாது, நுரை மட்டும் தெரியும். நுரை தெரிந்தால் காற்று பலமாக இருக்கிறது, காற்று பலமாக இருந்தால் அலை உயரம், அலை உயரமாக இருந்தால் தண்ணீரில் இறங்க நேரும்போது விமானத்தின் மூக்கு குத்தும், மூக்கு குத்தினால் கதவு திறக்காது. கதவு திறந்தாலும் அந்தக் குளிரில் விரல் மடங்காது, விரல் மடங்காவிட்டால் படகின் கயிற்றை இழுக்க முடியாது. இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்க, இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் இருக்கிற தொட்டியை வெல்டிங் செய்தவன், பெட்டி மாதிரி மடித்து ஒட்டினானே, அவனை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், வாயில் சுயிங்கம். கஸ்பார் அந்த ஆளின் தோளில் தட்டிவிட்டு ஏறிவிட்டான். நான் அவன் போனபிறகு ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவி, பெட்ரோல் கசிகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். இதற்குப் பெயர் ஜாக்கிரதை. வேறு ஒன்றும் இல்லை. ஜாக்கிரதையாக இருப்பவனைத்தானே பசிபிக்குக்குக் கூப்பிட வேண்டும்? வாயைப் பிளந்துகொண்டு திரிகிற ஈப்போக்காரனையா?

அவனை நான் பார்த்ததுகூட இல்லை, போட்டோவில்தான். கறுப்புக் கண்ணாடி, பல் முழுக்கச் சிரிப்பு, கஸ்பார் தோளில் கை. தோளில் கை போடுகிற பழக்கம் எங்களுக்குள் கிடையாது. எங்களுக்குள் இருப்பது முழங்கால். பின்தொட்டி தீர்கிற நேரம் வரும்போது, ஓட்டுகிறவன் தூங்குகிறவனின் முழங்காலில் கை வைத்து, "இருமப் போவுது" என்று சொல்ல வேண்டும். தொட்டியில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடுவது எங்கள் வழக்கம். கடலுக்கு மேல் ஒரு டம்ளர் பெட்ரோலைக்கூட மிச்சம் வைக்க மனசு வராது. தொட்டி வறண்டதும் இன்ஜின் இரண்டு தடவை இருமும், நின்றுவிடும். அந்தக் கணத்தில் இரண்டு இருக்கைக்கும் நடுவில் தரையில் இருக்கிற வால்வை இறக்கைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். திருப்பினால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவனுக்கு அது சாதாரணம். தூங்குகிறவனுக்கு அப்படி இல்லை. கடல் நடுவில் இன்ஜின் நின்ற அமைதியில் கண் விழித்தவன் எதைப் பிடிப்பான், எதை இழுப்பான் என்று சொல்ல முடியாது. இப்படித் திடுக்கிட்டு எழுந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையும் அணைத்துவிட்டவர்கள் உண்டு. அதனால்தான் முழங்கால், அதனால்தான் அந்தச் சொல். எங்கள் முதல் பயணத்தில் நான் கண்டுபிடித்த சொல் அது. நின்றுவிடும் என்று சொன்னால் அபசகுனமாக இருக்கிறது என்று இருமும் என்றேன். கஸ்பார் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சொல்லையும் தேவேந்திரனுக்குக் கொடுத்துவிட்டானா? அவன் முழங்காலில் இவன் கை வைத்து, அல்லது இவன் முழங்காலில் அவன் கை வைத்து, "அண்ணே, இருமப் போவுது" என்று என் சொல்லை அந்த மலேசியா நாக்கு சொல்லியிருக்குமா? தூக்கத்திலிருந்து எழுந்து இவன் சிரித்திருப்பானா? இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் என்ன நினைப்பான். ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம், அவன் உன் முழங்காலைத் தொட்டானா என்று எப்படிக் கேட்பது?

தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று அதில் தெரியும். திரும்பிப் பார்க்கிறேன். அடியில் நீலமாக ஒரு விரல்கடை பெட்ரோல். விமானம் ஆடும்போது அதுவும் இல்லாமல் போய் மறுபடி வருகிறது. நேரம் வந்துவிட்டது. கை வைக்க வேண்டியதுதான். கஸ்பாரின் முழங்கால் அங்கேதான் இருக்கிறது, ஆரஞ்சு ரப்பருக்குள், என் கைக்கு ஒரு சாண் தள்ளி. மூச்சு சீராக வருகிறது. இப்படித்தான் தேவேந்திரன் பக்கத்திலும் வந்திருக்கும். அதைவிட நன்றாக வந்திருக்கும், அவனே சொன்னானே, நல்லா என்று. வைக்காவிட்டால் என்ன? இது எங்கிருந்து வந்தது, இந்த நினைப்பு. வைக்காவிட்டால் என்ன ஆகும், பார்க்கலாமே. இருமட்டும். நிற்கட்டும். வால்வில் என் கை தயாராக இருக்கும், கண் இமைக்கிற நேரம். அந்த நேரத்தில் இவன் அலறி எழுந்தால் இவனுக்கு என் மேல் இருப்பது அவ்வளவுதான் என்று ஆகிவிடும். எழாமல் அப்படியே தூங்கினால், இன்ஜின் நின்றும்கூட, வைரவன் இருக்கிறான் என்று தூங்கினால், தேவேந்திரன் என்ன, தேவேந்திரனின் பாட்டன் வந்தாலும் அதைத் தொட முடியாது. அப்புறம் அவன் கேட்காவிட்டாலும் நானே கேட்பேன், பசிபிக்குக்கு நான்தான் வருகிறேன் என்று. ஆபத்து, எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் செய்யக்கூடாதது ஒன்று உண்டென்றால் இதுதான். இதை எனக்கு யாராவது செய்திருந்தால் கரை இறங்கியதும் அடித்திருப்பேன். குழாயில் நீலம் இல்லை. இப்போதுகூட நேரம் இருக்கிறது. கையை நீட்டினேன், பாதியில் நிறுத்தினேன். வால்வின் பக்கம் கொண்டுபோனேன். உள்ளங்கை வேர்த்திருந்ததால் தொடையில் துடைத்தேன்.

இருமியது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு ஒன்றுமில்லை. எத்தனையோ தடவை கேட்ட அமைதிதான். காற்று இறக்கையை உரசும் சத்தம் மட்டும். முன்னால் புரொப்பெல்லர் வெறுமனே சுற்றியது. நான் வால்வைப் பிடித்தேன். பிடித்தது வால்வு இல்லை, கை. கஸ்பாரின் கை. ஏற்கெனவே அங்கே இருந்தது, ஏற்கெனவே திருப்பியிருந்தது. சூடான கை, திடுக்கிடாத கை, தூங்கி எழுந்தவனின் கை இல்லை. இன்ஜின் இழுத்து, தடுமாறி, பிடித்துக்கொண்டு மறுபடி ஓடியது. அவன் தொப்பியைக்கூட நகர்த்தவில்லை. தொப்பிக்கு அடியிலிருந்து, "ஏம்லே சொல்லல?" என்றான். "நீ தூங்கலையா?" என்றேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லுலே." நான் முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நீ தூங்குறியான்னு பாத்தேன்." பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது சொல்வான் என்று இருந்தேன். அவன் தொப்பியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான், அதிக நேரம் பார்த்தான். "கிறுக்குப் பயலே" என்றான், மெதுவாகத்தான். "நான் என்னைக்குலே ஒன் பக்கத்துல தூங்குனேன்?"

இன்ஜின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை, ஹெட்போன் காதுக்குள்ளேயே இருக்கிறது. "ஒருநாளும் இல்லையா?" "இல்லலே. கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். நான் முழிச்சிருந்தா நீ என்னையப் பாத்துப் பாத்து ஓட்டுதே, கை நடுங்குது ஒனக்கு. நான் தூங்குதேன்னு நெனச்சா ஒழுங்கா ஓட்டுதே. அதான்." "அந்த மூச்சு?" "மூச்சு விடாம எப்பிடிலே கெடக்க?" சிரிக்கப் பார்த்தான், நான் சிரிக்காததால் நிறுத்திவிட்டான். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து, காரைக்குடிக் கல்யாணங்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. இத்தனை கடல் தாண்டியதில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தன் சத்தத்தை ஒருத்தன் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். ஆனால் அதையெல்லாம் விட்டுவிட்டு என் வாய் கேட்டது வேறு. "தேவேந்திரன் பக்கத்துல?" "அது நெசமாத்தான் தூங்குனேன்." "எப்படி?" கேட்டிருக்க வேண்டாம். மானம் இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். கஸ்பார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவந்தாம்லே மொதல்ல தூங்குனான். கெளம்பி மேல ஏறி முடிக்கல, 'அண்ணே, பாத்துக்குங்க'ன்னான். செத்தவன் மாதிரித் தூங்கிட்டான். எனக்குக் கோவமா வந்துச்சு, என்ன பயல் இவன், யாருன்னே தெரியாத ஆளை நம்பி இப்பிடிக் கெடக்கான்னு. அவனைப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன். அப்புறம் என் மொறை வந்துச்சு. எனக்கும் தூக்கம் வந்துட்டு. சவத்தெ, எனக்கே தெரியல." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னைக்கும் தூங்குனதில்லலா" என்றான். கேள்வி இல்லை அது. என் "ம்" எல்லாவற்றையும் அவன் எண்ணி வைத்திருக்காவிட்டாலும் எதையும் நம்பியிருக்கவில்லை.

யாரைக் கோபித்துக்கொள்வது என்று தேடினேன், ஆள் கிடைக்கவில்லை. ஈப்போக்காரன் எதையும் திருடவில்லை. இருந்ததாக நான் நினைத்த இடத்தில் எதுவும் இருந்ததே இல்லை. கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் வரை ஒரு பகலும் அதன் வாலில் ஒரு இரவும். அதில் இரண்டு பேரும் தூங்காமல் போனால், விடியும்போது இறங்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேர் கண்ணும் எரியும், இரண்டு பேர் கையும் தாமதிக்கும், ஒருத்தன் பார்க்கத் தவறியதை இன்னொருத்தனும் தவறுவான். தூங்கத் தெரிந்தவன்தான் அந்தக் கடலுக்கு வேண்டும். இது எனக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுத்தவன்தானே நான். கஸ்பாருக்கும் தெரியும், அதனால்தான் காலையில் ஜாம் கேட்டான். கேட்க முடியாமல், சொல்லவும் முடியாமல், ரொட்டியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போதும் சொல்லமாட்டான். நானாகச் சொல்லாவிட்டால் என்னைத்தான் கூட்டிப்போவான், கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான், பசிபிக் முழுக்க எனக்காக மூச்சு விட்டுக்கொண்டு வருவான். அந்த அளவுக்கு அவன் கூட்டாளிதான். அது தெரிந்ததும் எனக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது, அப்படியே விட்டுவிடலாமா என்று. எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. "பசிபிக்குக்கு அவனையே கூட்டிட்டுப் போ" என்றேன். சொல்லிவிட்டு முன்னால் இருந்த மேகத்தையே பார்த்தேன். சும்மா இருலே என்பான், நீதாம்லே வரணும் என்பான், ஒரு தடவை, மரியாதைக்காவது. "சரிலே" என்றான். அவ்வளவுதான். அவன் தோள் இரண்டும் கீழே இறங்கின, அதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். "நீ ஓட்டு, நான் கொஞ்சம் படுக்கேன்" என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் நேராக ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனுக்குள் ஒரு சத்தம் வந்தது. முதலில் இன்ஜினில்தான் என்னவோ என்று பதறிப்போய் ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சத்தம் கரடுமுரடாக, நடுநடுவே நின்று, பிறகு இழுத்துக்கொண்டு, ஒரு ஒழுங்கும் இல்லாமல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னலில் சரிந்திருந்தது, வாய் திறந்திருந்தது, எச்சில் காலரில் வழிந்திருந்தது. கஸ்பார் குறட்டை விடுகிறான். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை எனக்கு முன்னால் தேவேந்திரன் கேட்டிருக்கிறான்.